தூக்கிக் கட்டிய பிக்கப்பும் கொல்லிமலையின் எழுபது வளைவுகளும்
(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

தண்ணீர் மீட்டர் பிரச்சினையை ஒரு மணி நேரம் பேசி முடித்த பிறகு என்னைக் கூப்பிட்டிருக்கிறீர்கள். பாதிப் பேர் எழுந்து போய்விடுவார்கள் என்று நினைத்தேன். உட்கார்ந்திருப்பதற்கு நன்றி.

விஷயம் இதுதான். நம் குடியிருப்பில் இப்போது பிக்கப் வண்டி வைத்திருப்பவர்கள் ஐந்தாறு பேர் இருக்கிறார்கள். இசுசு வி-கிராஸ், டொயோட்டா ஹைலக்ஸ், இரண்டு தார். அதில் மூன்று வண்டிகள் முன்பக்கம் தூக்கிக் கட்டியவை. ஆடிப் பதினெட்டுக்கு வல்வில் ஓரி விழாவுக்குக் குடும்பத்தோடு கொல்லிமலை போகப் போகிறார்கள். போன மாதம் அதில் ஒரு தம்பி, “அங்கிள், மலையிலிருந்து இறங்கும்போது ஸ்டீயரிங் தானாகத் திரும்பி வர மாட்டேங்குது. கடையில அப்பர் கண்ட்ரோல் ஆர்ம் மாத்தணும்னு சொல்றாங்க. ரெண்டு ஆர்முக்கும் கேக்கிற விலை நம்ம வீட்டு வாடகையைத் தாண்டுது. வாங்கலாமா?” என்று கேட்டார். அவருக்குச் சொன்னதையே எல்லோருக்கும் சொல்லுங்கள் என்றார் செயலாளர். லாரிக்குப் பேர் போன நாமக்கல்லில் முப்பது வருடம் சஸ்பென்ஷன் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

வண்டி இல்லாதவர்களுக்காக முதலில் ஒரு விளக்கம். வி-கிராஸிலும் ஹைலக்ஸிலும் பின்பக்கம் பட்டை ஸ்பிரிங். முன்பக்கம் அப்படி இல்லை. ஒவ்வொரு சக்கரத்தையும் மேலே ஒரு கை, கீழே ஒரு கை பிடித்துக் கொண்டிருக்கும். மேல் கை குட்டை, கீழ்க் கை நீளம். இரண்டும் வண்டிச் சட்டத்தோடு சேரும் இடத்தில் ரப்பர் புஷ், சக்கரத்தோடு சேரும் இடத்தில் பால் ஜாயிண்ட். பாரம் முழுவதும் கீழ்க் கையிலும் சுருள் ஸ்பிரிங்கிலும்தான் உட்காருகிறது. மேல் கை பாரம் சுமப்பதில்லை. சக்கரம் எந்தச் சாய்வில் நிற்க வேண்டும் என்பதை அதுதான் பிடித்து வைக்கிறது. அந்த மேல் கைதான் அப்பர் கண்ட்ரோல் ஆர்ம்.

இப்போது சைக்கிளை நினைத்துக் கொள்ளுங்கள். சின்ன வயதில் கையை விட்டு ஓட்டியிருப்பீர்கள். சைக்கிள் நேராகப் போகிறதே, எப்படி? அதற்குப் பல காரணங்கள் உண்டு. அதில் ஒன்று, ஹேண்டில்பாரிலிருந்து இறங்கும் ஃபோர்க் செங்குத்தாக இல்லாமல் சாய்ந்து இருப்பது. அந்தச் சாய்வுக்கு மோட்டார் வண்டியில் கேஸ்டர் என்று பெயர். பல பிக்கப்களில் தொழிற்சாலையிலேயே இது 2 முதல் 4 டிகிரிக்குள் இருக்கும். கேட்பதற்குச் சின்ன எண். அந்த 2 டிகிரி போனால் வண்டி நேர்ரோட்டில் அலையும், திருப்பிய ஸ்டீயரிங்கை நாமே இழுத்துக் கொண்டுவர வேண்டும்.

வண்டியின் முன்பக்கத்தை 2 அங்குலம் தூக்கும்போது நடப்பது இதுதான். சக்கரம் தரையில்தான் நிற்கிறது, சட்டம் மேலே போகிறது. மேல் கை, கீழ்க் கை இரண்டும் கீழ்நோக்கித் தொங்க ஆரம்பிக்கின்றன. நீளம் வேறாக இருப்பதால் இரண்டும் ஒரே மாதிரி நகர்வதில்லை. சக்கரம் உள்பக்கமோ வெளிப்பக்கமோ சாய்கிறது, அதுதான் கேம்பர். கூடவே கேஸ்டரும் குறைகிறது. அலைன்மெண்ட் கடைக்காரர் சரிசெய்யும் போல்ட்டைத் திருப்பி கேம்பரைக் கொண்டுவருவார். அதற்குள் அந்த போல்ட்டின் எல்லை முடிந்துவிடும். கேஸ்டருக்கு மிச்சம் இருக்காது. நம் தம்பியின் வண்டியில் நடந்தது இதுவேதான்.

சமவெளியில் இது பெரிதாகத் தெரியாது. காரவள்ளியிலிருந்து சோளக்காடு வரை 70 கொண்டை ஊசி வளைவுகள். வளைவுக்கு வளைவு எண் போட்ட பலகை நிற்கிறது, பிள்ளைகள் எண்ணிக்கொண்டே வருவார்கள். ஓட்டுபவருக்கு அந்த எண் வேறு கணக்கு. ஒவ்வொரு வளைவிலும் ஸ்டீயரிங்கைக் கிட்டத்தட்ட முழுதாக ஒடித்து, வளைவு முடியும்போது அது தானாக அவிழ வேண்டும். எதிரே அரசுப் பேருந்து ஹாரன் அடித்துக்கொண்டு வரும்போது, ஒரு கை கியரில் இருக்கும்போது, ஸ்டீயரிங் பாதியில் நின்றுவிட்டால் வண்டி எதிர் லேனுக்குத்தான் போகும். ஏறி இறங்க 140 தடவை அந்தச் சோதனை.

ஆகவே மேல் கையை மாற்றுவது அழகுக்கான வேலை அல்ல. அதே சமயம், தூக்கிய வண்டி எல்லாவற்றுக்கும் அது தேவை என்று சொல்வதும் வியாபாரம்தான். கடைக்காரர் சொல்வதை நம்ப வேண்டாம், நான் சொல்வதையும் நம்ப வேண்டாம். அலைன்மெண்ட் இயந்திரம் அச்சடித்துக் கொடுக்கும் தாளை நம்புங்கள். கேம்பர், கேஸ்டர், டோ மூன்றும் இரண்டு பக்கமும் கம்பெனி சொன்ன அளவுக்குள் வந்துவிட்டதா? அப்படியானால் பழைய கையே போதும். அங்குலம், அங்குலத்தேகால் தூக்கிய வண்டிகள் பலவற்றில் வந்துவிடும். 2 அங்குலத்தில் சில வண்டிகளில் வரும், சிலவற்றில் வராது. அதற்கு மேல் போனால் வருவது கஷ்டம்.

தாளில் தெரியாத இன்னொன்று உண்டு. வண்டியை எப்படித் தூக்கினார்கள் என்று கேளுங்கள். சில கடைகளில் ஷாக் அப்சார்பரின் தலையில் ஒரு இரும்புக் கட்டை, அதாவது ஸ்பேசர், வைத்துத் தூக்குவார்கள். 1 அங்குலக் கட்டைக்குச் சக்கரத்தில் ஏறக்குறைய 2 அங்குலம் ஏறும். விலை மலிவு. ஆனால் சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது முன்பைவிட அதிகமாகத் தொங்கும். அப்போது மேல் கை ஸ்பிரிங்கிலோ ஸ்பிரிங் இருக்கும் குடுவையிலோ போய் இடிக்கும். அல்லது பால் ஜாயிண்ட் தன் எல்லைக்கு மேல் திருகப்படும். வண்டியின் தொங்கும் எல்லையை ஷாக் அப்சார்பர்தான் நிறுத்த வேண்டும், பால் ஜாயிண்ட் நிறுத்தக் கூடாது. பால் ஜாயிண்ட் நிறுத்தினால் ஒருநாள் அது கழன்று வரும், சக்கரம் படுத்துவிடும். அது எங்கே நடக்கும் என்று நாம் தேர்வு செய்ய முடியாது.

ஷாக் அப்சார்பர் நீளம் அதேதான், ஸ்பிரிங் மட்டும் கொஞ்சம் உயரமானது என்றால் தொங்கும் எல்லை மாறுவதில்லை. இடிக்கும் பயம் குறைவு. இதைச் சோதிக்க எளிய வழி, சட்டத்தில் ஜாக்கி கொடுத்து முன்சக்கரத்தை அந்தரத்தில் தொங்கவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். மேல் கைக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவே விரல் நுழைகிறதா? ஏற்கெனவே பளபளவென்று தேய்ந்த தடம் இருக்கிறதா? ஜாக்கியை மட்டும் நம்பித் தலையைக் கீழே விடாதீர்கள், ஸ்டாண்டு வையுங்கள்.

சரி, மாற்றித்தான் ஆக வேண்டும் என்று முடிவாகிவிட்டது. எதை வாங்குவது? சந்தையில் ஆஸ்திரேலிய ஓல்டு மேன் ஈமு, அயர்ன்மேன் போன்ற பெயர்கள் உண்டு, பெயர் தெரியாத குழாய் வெல்டிங் கைகளும் உண்டு. பெயரைவிட மூன்று இடங்களைப் பாருங்கள்.

முதலில் சக்கரப் பக்கத்து மூட்டு. இரண்டு வகை வருகிறது. ஒன்று நமக்குத் தெரிந்த, ரப்பர் உறை போட்டு கிரீஸ் அடைத்த பால் ஜாயிண்ட். இன்னொன்று யூனிபால் என்கிற திறந்த உருண்டை பேரிங். யூனிபால் அதிகக் கோணம் திரும்பும், பாலைவனத்தில் ரேஸ் ஓட்டுபவர்களுக்கு அது சரி. கொல்லிமலை மழையிலும் செம்மண் சேற்றிலும் போய்விட்டு வந்து, வாரம் முழுக்க நம் பேஸ்மெண்டில் நிற்கிற வண்டிக்கு எதற்கு? மண் புகுந்தால் தேயும், தேய்ந்தால் டக் டக் என்று சத்தம் வரும், அடிக்கடி கழுவித் துடைக்க வேண்டும். குடும்ப வண்டிக்கு உறை போட்ட பால் ஜாயிண்ட்தான் என் தேர்வு. அது தனியாகக் கழற்றி மாற்றக்கூடியதா, அந்த உதிரி இங்கே கிடைக்குமா என்று வாங்கும் முன்பே கேளுங்கள். கை வெளிநாட்டிலிருந்து வந்து, 200 ரூபாய் ரப்பர் உறைக்கு இரண்டு மாதம் காத்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது புஷ். ரப்பர் புஷ் சத்தம் போடாது, அதிர்வை விழுங்கும். பாலியூரிதேன் புஷ் கெட்டி, நாள் வரும், ஆனால் கிரீஸ் காய்ந்தால் கட்டில் மாதிரி கிரீச்சிடும். எது என்றாலும் பாதகமில்லை. பொருத்துவதில்தான் கோட்டை விடுகிறார்கள். ரப்பர் புஷ் போட்ட கையின் போல்ட்டை, சக்கரம் தொங்கும்போது முழுசாக இறுக்கக் கூடாது. வண்டி தரையில் தன் உயரத்தில் நின்ற பிறகுதான் கடைசி இறுக்கு. தொங்கும்போதே இறுக்கினால், தரையில் இறக்கியதும் ரப்பர் நிரந்தரமாக முறுக்கிக்கொண்டு நிற்கும், சில மாதத்தில் கிழிந்துவிடும். இரண்டு தூண் லிஃப்டில் ஏற்றி அவசரத்தில் முடித்து அனுப்பும் கடைகளில் இதுதான் நடக்கிறது. பக்கத்தில் நின்று பாருங்கள். கோபித்துக்கொண்டால் பரவாயில்லை.

மூன்றாவது கேஸ்டர். நல்ல கை என்றால் பால் ஜாயிண்ட் இருக்கும் இடத்தையே கொஞ்சம் பின்னுக்குத் தள்ளி அமைத்திருப்பார்கள், இழந்த கேஸ்டர் திரும்ப வரும். உங்கள் வண்டி எவ்வளவு தூக்கியிருக்கிறதோ அந்த அளவுக்கு என்று செய்ததை வாங்குங்கள். 3 அங்குலத்துக்கான கையை ஒன்றரை அங்குல வண்டிக்குப் போட்டால் ஸ்டீயரிங் கனக்கும், பெரிய டயர் போட்டிருந்தால் பின்பக்க மட்கார்டில் உரசும். பால் ஜாயிண்டின் கூம்புத் தண்டு உங்கள் வண்டியின் நக்கிளில் ஆட்டம் இல்லாமல் உட்கார வேண்டும் என்பதைச் சொல்லவே தேவையில்லை. “இது அந்த மாடலுக்கும் சேரும் சார்” என்று ஒருவர் சொன்னால் அந்தக் கடையிலிருந்து வெளியே வந்துவிடுங்கள்.

புதுக் கை போட்டால் எல்லாம் தீர்ந்தது என்றும் நினைக்க வேண்டாம். ஃபோர் வீல் டிரைவ் வண்டியில் முன் ஆக்சில் ஷாஃப்டின் சி.வி. ஜாயிண்ட் கோணத்தை மேல் கை சரிசெய்யாது. அந்த ரப்பர் உறை கிழிந்து கிரீஸ் தெறிக்கிறதா என்று பாருங்கள். பிரேக் ஹோஸும் ஏ.பி.எஸ். ஒயரும் சக்கரம் முழுதாகத் தொங்கும்போது விறைத்து நிற்கக் கூடாது. ஹெட்லைட்டையும் கீழே இறக்குங்கள். முன்பக்கம் தூக்கிய வண்டியின் வெளிச்சம், வளைவில் எதிரே ஏறி வரும் பைக்காரரின் கண்ணில்தான் விழும். நம் பேஸ்மெண்டில் வாட்ச்மேன் கண்ணில் விழுவதைப் பற்றி அவரே போன கூட்டத்தில் சொன்னார்.

சட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. தயாரிப்பாளர் கொடுத்த அசல் விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டம் 52ஆவது பிரிவை விளக்கி உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தீர்ப்பு சொன்னது. அதே வருடம் திருத்திய சட்டத்தில், அனுமதி இல்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ என்று வைத்திருக்கிறார்கள். “எல்லாரும் பண்றாங்க” என்பது போலீஸிடம் சில நாள் எடுபடும், விபத்துக்குப் பிறகு இன்சூரன்ஸ்காரரிடம் எடுபடாது. ஆகவே தூக்குவதற்கு முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் இன்சூரன்ஸ் நிறுவனத்திலும் எழுதிக் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். என்னைக் கேட்டால், கொல்லிமலைக்குப் போக வண்டியைத் தூக்கவே வேண்டியதில்லை. அன்னாசியும் பலாவும் ஏற்றிக்கொண்டு செம்மேட்டிலிருந்து தினமும் இறங்கும் பிக்கப்களைப் பாருங்கள். ஒன்றாவது தூக்கிக் கட்டியதா? தார்ச்சாலைதானே.

கேள்வி நேரத்தில் இரண்டு கேட்டார்கள். ஜிம்னி வைத்திருக்கும் சி பிளாக் அம்மா தனக்கும் இது பொருந்துமா என்றார். இல்லைங்க. ஜிம்னிக்கு முன்னாலும் பின்னாலும் நேர் ஆக்சில். மேல் கையே கிடையாது. தூக்கினால் கேஸ்டர் அதிலும் குறையும், ஆனால் அதற்கான வைத்தியம் வேறு புஷ். தாருக்கும் ஸ்கார்ப்பியோ-என்னுக்கும் முன்பக்கம் இரண்டு கை அமைப்புதான், ஆகவே சொன்னதெல்லாம் பொருந்தும்.

இன்னொன்று நம் தம்பி கேட்டது: “அப்ப நான் வாங்கணுமா, வேண்டாமா அங்கிள்?” தம்பி, உன் வண்டியில் ஸ்பேசர் 2 அங்குலத்துக்கு மேல் தூக்கியிருக்கிறது, தாளில் கேஸ்டர் வரவில்லை, மேல் கையில் தேய்ந்த தடமும் இருக்கிறது. இரண்டு வழி. ஸ்பேசரைக் கழற்றி வண்டியைப் பழைய உயரத்துக்கு இறக்கு. செலவு ஒரு நாள் கூலி. அல்லது ஸ்பேசரை எடுத்துவிட்டு, அளவான ஸ்பிரிங்கும் அதற்குப் பொருந்தும் கையும் சேர்த்துப் போடு, செலவு அதிகம். ஸ்பேசரை வைத்துக்கொண்டே கையை மட்டும் மாற்றுகிற மூன்றாவது வழியைத்தான் கடையில் சொல்லியிருக்கிறார்கள். அது வேண்டாம். ஆடிப் பதினெட்டுக்கு நாள் குறைவு. அதற்குள் நல்ல கை கிடைக்காவிட்டால் முதல் வழியில் இறக்கிவிட்டு மலைக்குப் போ.

எதைச் செய்தாலும், போட்ட பிறகு 500 கிலோமீட்டரில் போல்ட்டுகளை ஒருமுறை இறுக்கம் பார்த்து, அலைன்மெண்டையும் திரும்ப எடு. கழற்றிய பழைய கைகளை ஆக்கருக்குப் போட்டுவிடாதே. துடைத்து எண்ணெய் தடவி பால்கனியில் வை. வண்டியை விற்கும்போதோ, ஆர்.டி.ஓ. கேட்கும்போதோ அவைதான் வேண்டியிருக்கும்.