போரும் மழையும் அரசாணையும் நம் வயலும்

(கேளம்பாக்கம் வட்டார உழவர்களுக்கான பயிற்சி முகாமில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



உழவியல் ஆசிரியர் என்றால் விதை, உரம், களை என்று பேசிவிட்டுப் போக வேண்டியதுதானே, போரையும் அரசியலையும் ஏன் இழுக்க வேண்டும் என்று உங்களில் சிலர் எண்ணக்கூடும். நியாயமான கேள்விதான். ஆனால் நாம் வாங்கும் உர மூட்டையின் விலை நம் ஊரில் முடிவாவதில்லை. நம் ஏரிக்கு வரும் மழையும் பழைய கணக்குப்படி வருவதில்லை. அரிசியை வெளிநாட்டுக்கு அனுப்பலாமா கூடாதா என்பது டில்லியில் முடிவாகிறது. 2023-ஆம் ஆண்டு ஜூலையில் பாசுமதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதிக்குத் தடை வந்தது. 2024 செப்டம்பரில் அது நீக்கப்பட்டது. தடை போட்டபோதும் எடுத்தபோதும் நம்மை யாரும் கேட்கவில்லை.

ஆகவே இந்நாட்டுக் குடிமக்களில் ஒருவர் என்ற முறையில், நம் கைக்கு எட்டாதவை எவை, எட்டுபவை எவை என்று உங்களோடு சேர்ந்து பிரித்துப் பார்க்க விரும்புகிறேன்.

போர் எங்கோ, விலை இங்கே

1973-ஆம் ஆண்டு அக்டோபரில் அரபு நாடுகளுக்கும் இஸ்ரேலுக்கும் போர் மூண்டது. சில மாதங்களில் கச்சா எண்ணெய் விலை ஏறத்தாழ நான்கு மடங்காயிற்று. உர விலையும் கூடவே ஏறியது. 2022 பிப்ரவரி 24 அன்று ரஷ்யா உக்ரைன் மீது படையெடுத்தபோதும் அதே கதைதான் நடந்தது.

காரணம் எளியது. யூரியா இயற்கை எரிவாயுவிலிருந்து தயாராகிறது. நம் உர ஆலைகளுக்கு வேண்டிய எரிவாயுவில் பெரும் பகுதி கப்பலில் வருகிறது. பொட்டாஷ் உரத்துக்கு நாம் வெளிநாடுகளையே நம்பியிருக்கிறோம். அதை அதிகம் விற்கும் நாடுகளில் ரஷ்யாவும் பெலாரசும் அடங்கும். டி.ஏ.பி.க்கு வேண்டிய பாறை பாஸ்பேட்டும் அமிலமும் மொராக்கோ, ஜோர்டான் போன்ற நாடுகளிலிருந்து வருகின்றன. 2023 இறுதியில் செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட்டபோது, பல கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு வர நேர்ந்தது. அந்தச் சுற்றுவழிச் செலவும் சரக்கின் தலையில்தான் விழும்.

யூரியா விலையை அரசு மானியம் கொடுத்துப் பிடித்து வைத்திருக்கிறது. 2022-23-ஆம் ஆண்டில் மட்டும் உர மானியத்துக்கு மத்திய அரசு சுமார் இரண்டரை லட்சம் கோடி ரூபாய் செலவிட்டது. ஆனால் பொட்டாஷ் மூட்டை அதே 2022-இல் 1,700 ரூபாய்க்கு ஏறியது. விளைவு என்ன? விலை மலிந்த யூரியாவை அள்ளி இடுகிறோம், பொட்டாஷை விட்டுவிடுகிறோம். பயிர் கரும்பச்சையாகத் தழைத்து, காற்றுக்குச் சாய்கிறது. புகையானும் குலைநோயும் வந்து சேருகின்றன. எங்கோ நடந்த போரின் இழப்பை நாம் மருந்துக் கடையில் கட்டுகிறோம்.

இலங்கை கற்பிக்கும் பாடம்

அப்படியானால் இரசாயன உரமே வேண்டாம் என்று விட்டுவிடலாமா? நம் அண்டை நாடான இலங்கை அதைச் செய்து பார்த்தது. 2021 ஏப்ரல் இறுதியில் அந்நாட்டு அரசு இரசாயன உர இறக்குமதியைத் திடீரெனத் தடை செய்தது. மாற்று உரம் போதிய அளவு இல்லை. உழவர்களுக்குப் பழக அவகாசமும் இல்லை. நெல் விளைச்சல் சரிந்தது, தேயிலையும் அடிபட்டது. அதே ஆண்டு நவம்பரில் தடையைத் திரும்பப் பெற்றார்கள். அதற்குள் காலம் கடந்துவிட்டது.

இதிலிருந்து நாம் அறிய வேண்டியது, கப்பல் உரத்தை மட்டுமே நம்புவதும் தவறு, ஒரே நாளில் அதை நிறுத்துவதும் தவறு என்பதே. பருவத்துக்குப் பருவம் சிறிது சிறிதாகக் குறைக்கலாம். அதற்கு மூன்று வழிகள் சொல்கிறேன்.

முதலாவது, மண் பரிசோதனை. மண்வள அட்டையைப் பெட்டியில் பூட்டி வைக்காமல், அதில் கண்ட அளவுப்படி உரமிடுங்கள்.

இரண்டாவது, பசுந்தாள் உரம். சம்பா நடவுக்கு முன் ஏக்கருக்கு 20 கிலோ தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கும் தறுவாயில், அதாவது 45 நாட்களில், மடக்கி உழுங்கள். ஒரு மூட்டை யூரியாவில் இருக்கும் தழைச்சத்து சுமார் 20 கிலோ. நன்கு வளர்ந்த தக்கைப்பூண்டு அதற்குக் குறையாமல் தரும். கடலோரத்து உவர் நிலத்தையும் அது தாங்கி வளரும்.

மூன்றாவது, இலை வண்ண அட்டை. நட்ட 14-ஆம் நாள் முதல் வாரம் ஒரு முறை, காலை 8 மணிக்கும் 10 மணிக்கும் இடையே, பத்துப் பயிர்களில் முழுதும் விரிந்த மேல் இலையை அட்டையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பத்தில் ஆறு இலைகள் 4-ஆம் எண்ணுக்கும் வெளுத்திருந்தால் மட்டும், சம்பாவுக்கு ஏக்கருக்கு 26 கிலோ யூரியா மேலுரமாக இட்டால் போதும்.

மழைக் கணக்கு மாறிவிட்டது

அடுத்தது வானிலை. உலக வெப்பநிலைக் கணக்கில் 2024-ஆம் ஆண்டுதான் இதுவரை பதிவானவற்றிலேயே அதிக வெப்பமான ஆண்டு. பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையத்தில் நடந்து 2004-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, வறண்ட பருவத்தில் இரவு வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் உயர்ந்தால் நெல் விளைச்சல் சுமார் பத்து சதவீதம் குறைவதாகக் கண்டது. நம் நவரை, சொர்ணவாரிப் பட்டங்களுக்கு இது கவலை தரும் செய்தி.

நம் மாவட்டத்தில் பெய்யும் மழையில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவத்தில் பெய்வது. அந்த மழை நடந்துகொண்ட விதத்தைப் பாருங்கள். 2015 டிசம்பரில் பெருவெள்ளம். மறு ஆண்டே பருவமழை பொய்த்து, 2017 ஜனவரியில் தமிழகம் முழுவதும் வறட்சி பாதித்ததாக அரசு அறிவித்தது. 2019 கோடையில் சென்னையில் குடிநீருக்குத் தவிப்பு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலால் மறுபடியும் வெள்ளம். ஒரு வருடம் வடிகால் இல்லாமல் பயிர் அழுகுகிறது. மறு வருடம் கதிர் வரும் நேரத்தில் தண்ணீர் இல்லை.

கேளம்பாக்கம், கோவளம், முட்டுக்காடு பக்கத்து உழவர்களுக்கு மூன்றாவது தொல்லையும் உண்டு. ஒரு பக்கம் கழிமுகமும் உப்பளமும்; மறு பக்கம் ஆழ்துளைக் கிணறுகள். நல்ல தண்ணீரை அளவுக்கு மீறி இறைத்தால் உப்புத் தண்ணீர் உள்ளே நகர்ந்து வரும். அதைத் தள்ளி நிறுத்துவது நிலத்தடியில் நிற்கும் நல்ல தண்ணீரின் அழுத்தமே. அந்தத் தண்ணீரைப் பூமிக்குள் இறக்குவது ஏரி.

வெள்ளத்தை வாங்கிக்கொள்ளவும் ஏரி வேண்டும். வறட்சிக்குச் சேமிக்கவும் ஏரி வேண்டும். உப்பைத் தடுக்கவும் ஏரி வேண்டும். ஆகவே எட்டாதவற்றைப் பற்றிப் பேசிக்கொண்டே நம் கைக்கு எட்டுவதற்கு வந்து சேர்ந்துவிட்டோம்.

ஏரி யார் பொறுப்பு?

பழைய செங்கல்பட்டு மாவட்டத்துக்கு ஏரி மாவட்டம் என்றே பெயர். அம்மாவட்டத்தில் அடங்கியிருந்த உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் உள்ளன. அவை கி.பி. 919, 921-ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. ஊர்ச் சபைக்குக் குடவோலை முறையில் ஆளெடுத்ததை அவை சொல்கின்றன. அந்தச் சபையில் ஏரியைக் கவனிப்பதற்கென்றே 'ஏரி வாரியம்' என்ற குழு இருந்தது. பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவர் மீண்டும் வர முடியாது என்ற விதியும் இருந்தது.

பிற்காலத்தில் குடிமராமத்து என்ற பெயரில் ஊரார் ஏரியைப் பராமரித்தார்கள். நாளடைவில் அது நலிந்தது. 2017 மார்ச்சில் தமிழக அரசு மணிமங்கலம் ஏரியில் அதை மீண்டும் ஒரு திட்டமாகத் தொடங்கியது.

இப்போது நம் பகுதியின் நிலையைச் சற்று வெளிப்படையாகப் பேசுவோம். பழைய மாமல்லபுரம் சாலை ராஜீவ் காந்தி சாலையானது. இரு பக்கமும் கணினி நிறுவனங்களும் அடுக்குமாடிகளும் எழுந்தன. ஆயக்கட்டு நிலங்கள் மனைகளாயின. நிலத்தை விற்பதும் வைத்துக்கொள்வதும் அவரவர் குடும்ப நிலையைப் பொறுத்தது. அதில் குறை சொல்ல எவருக்கும் உரிமையில்லை. ஆனால் வரத்துக் கால்வாய் தனி ஒருவர் சொத்தன்று. அதை விற்கவோ தூர்க்கவோ எவருக்கும் உரிமையில்லை. ஆயக்கட்டுக்காரர் குறையக் குறைய, மதகைப் பார்ப்பாரும் கலங்கலைப் பார்ப்பாரும் குறைகிறார்கள். வயல் போனாலும் தண்ணீர் பழைய வழியைத் தேடித்தான் வரும். அப்போது உழவர் வீடு, குடியிருப்பார் வீடு என்று அது பிரித்துப் பார்ப்பதில்லை.

கிராம சபையில் செய்ய வேண்டியவை

தமிழகத்தில் 2022 முதல் ஆண்டுக்கு ஆறு நாட்கள் கிராம சபை கூட வேண்டும் என்று ஏற்பாடு செய்யப்பட்டது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1. இவற்றை உழவர் நாட்காட்டியாகப் பயன்படுத்துங்கள்.

மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள். அதற்கு முன்பே உங்கள் ஏரியின் 'அ' பதிவேட்டுப் பகுதியையும் புலப்படத்தையும் எடுத்து, வரத்துக் கால்வாய் எந்தப் புல எண்களில் போகிறது என்று நடந்து பாருங்கள். அடைபட்ட இடங்களைக் குறித்துச் சபையில் எழுத்து மூலம் கொடுங்கள். ஏரி ஆக்கிரமிப்பை அகற்ற 2007-ஆம் ஆண்டிலேயே தமிழகத்தில் தனிச் சட்டம் இயற்றப்பட்டுள்ளது.

மே 1 அன்று ஏரி வற்றியிருக்கும். வண்டல் எடுப்பதைப் பற்றி அப்போது பேசுங்கள். வட்டாட்சியர் அனுமதியோடு வண்டலை இலவசமாக எடுக்க 2024-இல் அரசு வழி செய்தது. ஏரியும் ஆழமாகும், மணற்பாங்கான வயலும் வளமாகும்.

ஆகஸ்டு 15 அன்று மதகு, கலங்கல் பழுது பற்றிக் கேளுங்கள். அக்டோபர் 2 அன்று, மழைக்கு முன், பலவீனமான கரைப் பகுதியையும் போக்குக் கால்வாயையும் பற்றிக் கேளுங்கள். சொன்ன வேலை நடந்ததா என்று நவம்பர் 1 அன்றும் ஜனவரி 26 அன்றும் கணக்குக் கேளுங்கள்.

வாயால் சொன்னது காற்றோடு போகும். தீர்மானப் புத்தகத்தில் எழுத வைத்து, நகல் வாங்குங்கள். நகல் மறுக்கப்பட்டால் 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி மனுக் கொடுங்கள். தனியாகப் போகாமல் பத்துப் பேராகப் போங்கள். அடுக்குமாடியில் புதிதாகக் குடிவந்தவர்களையும் அழைத்துச் செல்லுங்கள். வெள்ளத்துக்கு அவர்களும் பங்காளிகள். நீங்கள் எந்தக் கட்சியைச் சேர்ந்தவராகவும் இருக்கலாம். ஏரி எல்லாருக்கும் ஒன்றே. வாக்குக் கேட்டு வருபவரிடம், எக்கட்சியானாலும், எங்கள் வரத்துக் கால்வாயைப் பற்றி உங்கள் எண்ணம் என்ன என்று முதலில் கேளுங்கள்.

உக்ரைனில் குண்டு விழுவதை நம்மால் நிறுத்த இயலாது. வங்கக் கடலில் உருவாகும் புயலையும் திருப்பி அனுப்ப இயலாது. யூரியாவில் ஒரு மூட்டையைக் குறைப்பதும், வரத்துக் கால்வாயில் அடைத்த மண்ணை எடுக்க வைப்பதும் நம்மால் இயலும். வருகிற கிராம சபைக்கு இன்னும் எத்தனை நாள் இருக்கிறது என்று வீட்டுக்குப் போனதும் பாருங்கள். அதற்குள் கால்வாயை ஒரு முறை நடந்து பார்த்துவிடுங்கள்.