பட்டப்பின் படிப்புக்குப் புறப்படும் தங்கச்சிமாருக்கு
(சங்கத்தின் வருடாந்த ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



இந்த வருடம் பட்டப்பின் படிப்புக்கு அனுமதி பெற்றவர்களை வாழ்த்தவே எங்களை அழைத்தார்கள். வாழ்த்துகிறோம். ஆனால் வாழ்த்தோடு நிறுத்தினால் எங்கள் தோழி ஒருத்திக்குச் செய்த தவறையே உங்களுக்கும் செய்தவர்களாவோம். அவளுக்கு அனுமதிக் கடிதம் வந்த அன்று எல்லோரும் இனிப்புச் சாப்பிட்டோம். அந்தப் படிப்புக்கு என்ன தேவைப்படும் என்று அவளிடமும் வீட்டாரிடமும் யாரும் பேசவில்லை. இரண்டாம் பருவம் தொடங்குமுன் அவள் நின்றுவிட்டாள். கெட்டிக்காரி. படிப்பு அவளை விடவில்லை, நேரம்தான் விட்டது.

ஆகவே முதலில் நேரக் கணக்கைச் சொல்கிறோம். இலங்கைத் தகைமைச் சட்டகத்தின்படி, பாடநெறியாகப் படிக்கும் முதுமாணிப் பட்டத்துக்குக் குறைந்தது 30 கிரெடிட் வேண்டும். ஒரு கிரெடிட் என்பது 50 மணித்தியாலக் கற்றல். மொத்தம் 1500 மணித்தியாலம். ஒரு வருடத்தில் முடிப்பதானால் வாரத்துக்கு ஏறக்குறைய 29 மணித்தியாலம். சனி, ஞாயிறு வகுப்புக்குப் போய்வந்தால் போதும் என்று வீட்டில் நினைப்பார்கள். மிச்ச மணித்தியாலங்கள் வார நாட்களில், பள்ளிக்கூட வேலையும் சமையலும் பிள்ளைகளின் பாடமும் முடிந்த பிறகு வரவேண்டும். இந்தக் கணக்கைத் தாளில் எழுதி, கணவரோடும் அம்மாவோடும் மாமியாரோடும் இருந்து பேசுங்கள். படிப்புத் தொடங்குமுன் பேசுங்கள்.

வீடு பெண்பிள்ளைக்கு என்பது நமது மட்டக்களப்பு வழக்கம். அந்த வீட்டில் அவள் படிக்க ஒரு மேசை உண்டா என்று கேட்டுப் பாருங்கள். மேசை இல்லையென்றால் அதுவே முதல் ஆயத்தம்.

இரண்டாவது பணம். இலவசக் கல்வியில் பட்டம் பெற்ற நமக்கு, பட்டப்பின் படிப்புக்கு அநேகமாகக் கட்டணம் செலுத்த வேண்டும் என்பது அதிர்ச்சியாக இருக்கும். கட்டணத்தைத் தவணையாகச் செலுத்தலாமா, வேலை செய்யுமிடத்தில் கல்வி விடுமுறை உண்டா என்பதை எழுத்தில் கேட்டு எழுத்தில் பதில் பெறுங்கள்.

மூன்றாவது மொழி. வாசிக்க வேண்டிய ஆய்வுக் கட்டுரைகளில் பெரும்பகுதி ஆங்கிலத்தில் இருக்கும். இன்றிலிருந்து வாரம் ஒரு கட்டுரை வாசியுங்கள். அது என்ன சொல்கிறது என்று அரைப் பக்கம் தமிழில் எழுதுங்கள். பிறகு அதையே ஆங்கிலத்தில் எழுதுங்கள். தமிழில் எழுத முடியாவிட்டால் இன்னும் விளங்கவில்லை என்று அர்த்தம்.

நான்காவது தலைப்பு. வாவி மீனவக் குடும்பங்கள், குடி வழமை, கூத்து, கண்ணகி வழிபாடு, சுனாமிக்குப் பின் இடம்மாறிய ஊர்கள் என்று ஆராய வேண்டியவை நம்மைச் சுற்றியே கிடக்கின்றன. பழைய மலர்களும் சஞ்சிகைகளும் தேடுவோருக்கு 2005 இல் தொடங்கிய 'நூலகம்' இணையத்தளம் பெரிய உதவி. மேற்பார்வையாளரைச் சந்திக்குமுன் ஒரு பக்கத்தில் உங்கள் கேள்வியை எழுதி வைத்திருங்கள்.

வேலை பார்த்துக்கொண்டே படிப்பது நமது மண்ணுக்குப் புதிதல்ல. காரைதீவில் 1892 இல் பிறந்த சுவாமி விபுலானந்தர் 1916 இல் மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதர் பரீட்சையிலும், 1920 இல் லண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டப் பரீட்சையிலும் சித்தியடைந்தார். அவரது யாழ் நூல் வெளிவந்தது 1947 இல், அவர் மறைந்த அதே வருடத்தில். அவ்வளவு காலம் ஒரு கேள்வியை விடாமல் வைத்திருந்தார்.

வந்தாறுமூலையில் 1981 இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1986 இல் கிழக்குப் பல்கலைக்கழகமானது. 1990 இல் அந்த வளாகமே அகதி முகாமாக இருந்தது; அங்கிருந்து கொண்டுசெல்லப்பட்ட பலர் திரும்பவில்லை. அந்த நாட்களைக் கண்ட எங்களுக்கு, ஒரு பிள்ளை கிடைத்த இடத்தை நேரமில்லை என்று விட்டுவிடுவது தாங்க முடியாதது.

கடைசியாக, சங்கத்திடம் ஒரு வேண்டுகோள். நூறு வருடமாகப் பரிசளிப்பும் பாராட்டும் நடத்திவருகிறோம். இனிச் சனி, ஞாயிறுகளில் ஒரு வகுப்பறையைத் திறந்து, படிக்கும் தாய்மாரின் பிள்ளைகளை ஓய்வுபெற்ற நாங்கள் முறைவைத்துப் பார்த்துக்கொள்வோம். இன்று மேடையில் இருக்கும் நாங்கள் ஐந்து பேரும் பெயர் கொடுத்துவிட்டோம். மற்ற அக்காமாரும் தேநீர் குடிக்கப் போகுமுன் பெயர் எழுதிவிட்டுப் போங்கள்.

தங்கச்சிமாரே, போய் வாருங்கள். இடையில் களைத்தால் படிப்பை நிறுத்துமுன் எங்களில் ஒருத்தியின் வீட்டுக்கு வாருங்கள்.