எல்லைக்கோடும் மக்கள் வாக்கும்

(வீராம்பட்டினத்தில் ஆற்றப்பெற்ற பொழிவின் எழுத்து வடிவம்)



நிலத்தில் கிழித்த கோடு வரப்பு. தாளில் கிழித்த கோடு எல்லை. வரப்பிடுபவன் அந்நிலத்திலேயே நின்று இடுகின்றான். எல்லை வரைபவனோ பல வேளைகளில் அந்நிலத்தைக் கண்ணாலும் கண்டிலன். அவன் வரைந்துவிட்டுப் போய்விடுகின்றான். கோட்டின்மேல் வாழும் மக்களே வழிவழியாக அதன் சுமையைத் தாங்குகின்றனர்.

புதுவை வட்டாரத்தைப் பாருங்கள். அது ஒரே நிலப்பரப்பன்று, பன்னிரு துண்டுகள். துண்டுகளுக்கிடையே விழுப்புரம், கடலூர் மாவட்டங்களின் ஊர்கள். பாகூர்ப் பக்கமோ மண்ணாடிப்பட்டுப் பக்கமோ செல்பவர்க்குப் புதுவையும் தமிழ்நாடும் மாறி மாறி வரும். மண்ணும் மாறவில்லை; மரமும் மாறவில்லை; மாந்தர் வாய்மொழியும் மாறவில்லை. பெயர்ப்பலகை மட்டும் மாறுகின்றது.

இக்கோட்டை வரைந்தவர் யார்? 1749ஆம் ஆண்டு சந்தா சாகிபு வில்லியனூர், பாகூர்ப் பகுதிகளைப் பிரஞ்சியருக்குக் கொடுத்தான். பின்னர் ஆங்கிலேயரும் பிரஞ்சியரும் இந்நிலத்தைப் பலமுறை பறித்தும் திருப்பியும் விளையாடினர். இறுதியில், 1792 சனவரி முதல் நாளில் பிரஞ்சியரிடம் எவை இருந்தனவோ அவையே மீண்டும் அவர்க்கு உரியவை என்று 1814இல் பாரிசு நகரில் உடன்படிக்கை எழுதினர். வில்லியனூர் உழவனையோ வீராம்பட்டினத்துப் படகோட்டியையோ எவரும் கேட்கவில்லை.

விடுதலைக் காலத்திலாவது கேட்டனரா? வங்கத்துச் சந்திரநாகூரில் 1949 சூனில் மக்களே நேரில் வாக்களித்தனர். புதுவையில் அவ்வாறு நிகழவில்லை. 1954 அக்டோபர் 18ஆம் நாள் கீழூரில் மக்கள் பேராளர் 178 பேர் கூடினர். இந்தியாவோடு இணைய 170 பேர் வாக்களித்தனர். எதிர்த்தோர் 8 பேர். நவம்பர் முதல் நாள் ஆட்சி கைமாறியது. அம்முடிவு பெரும்பான்மை மக்களின் உள்ளக்கிடக்கையே என்பதில் ஐயமில்லை. ஆயினும் இணைந்தபின் இந்நிலம் என்னவாக இருக்கும், தனி மாநிலமா, அண்டை மாநிலத்தின் பகுதியா, தில்லியின் நேரடி ஆட்சிப்பகுதியா என்னும் வினா கீழூரில் எழுப்பப்படவில்லை. விடையிறுக்கப்படாத அவ்வினாவே இன்றளவும் உறுத்துகின்றது.

1956 மே 28ஆம் நாள் இருநாடுகளும் கையெழுத்திட்ட உடன்படிக்கையில் இரண்டு பிரிவுகள் கருதத்தக்கவை. இந்நிலத்தின் ஆட்சிநிலையில் பின்னர் மாற்றம் செய்வதாயின், மக்கள் விருப்பத்தை அறிந்தே செய்தல் வேண்டும் என்பது இரண்டாம் பிரிவு. மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட பேராளர் வேறு முடிவு செய்யும்வரை பிரஞ்சு ஆட்சிமொழியாக நீடிக்கும் என்பது இருபத்தெட்டாம் பிரிவு. ஆட்சியாயினும் மொழியாயினும் முடிவு மக்களுடையது என்று இருபேரரசுகளும் ஒப்புக்கொண்டன. 1962 ஆகத்து 16ஆம் நாள் அவ்வுடன்படிக்கை முழுமையாக நடைமுறைக்கு வந்தது.

எழுதியதை மறப்பது ஆள்வோர் இயல்பு. 1979 சனவரியில், புதுவையை அண்டை மாநிலத்தோடு இணைத்துவிடும் கருத்தைத் தலைமையமைச்சர் மொரார்சி தேசாய் வெளியிட்டார். புதுவை கொதித்தெழுந்தது. தெருக்கள் போர்க்களமாயின, காவலர் துமுக்கிக்கு உயிர்களும் இரையாயின. கேட்டிருந்தால் ஒரு தாளில் முடிந்திருக்க வேண்டியது, கேளாமையால் குருதியில் முடிந்தது.

இத்தகைய மடமை எளிய நாடுகளுக்கே உரியது என்று எவரும் எண்ண வேண்டா. நாடாளுமன்றத்தின் தாயகம் என்று பெருமை பேசும் பிரித்தானியாவைக் காண்க. 2016 சூன் 23ஆம் நாள், ஐரோப்பிய ஒன்றியத்தில் இருப்பதா, விலகுவதா என்று மக்களைக் கேட்டனர். விலகுக என்றோர் நூற்றுக்கு 52 பேர். இருக்க என்றோர் 48 பேர். ஆனால் வடஅயர்லாந்தில் நூற்றுக்கு 56 பேர் இருக்கவே விரும்பினர். அவர்தம் நிலத்தில் ஓர் எல்லைக்கோடு ஓடுகின்றது. 1921இல் அயர்லாந்தை இரண்டாக்கிய கோடு அது. ஏறத்தாழ 500 கிலோமீட்டர் நீளம். அதன்பொருட்டுப் பல்லாண்டுகள் குருதி சிந்தி, 1998இல் ஓர் உடன்பாடு கண்டு, படைக்காவல் மேடைகளை அகற்றி, மக்கள் தடையின்றிப் போக்குவரவு செய்யத் தொடங்கியிருந்தனர். பிரித்தானியா விலகினால் அக்கோடு ஐரோப்பிய ஒன்றியத்தின் எல்லையாகிவிடுமே, அங்கே மீண்டும் சாவடி எழுமோ என்னும் வினா வாக்குச்சீட்டில் இல்லை.

விளைவு என்ன? தலைமையமைச்சர் தெரேசா மே கொணர்ந்த உடன்பாட்டை நாடாளுமன்றம் 2019இல் மும்முறை தள்ளியது. குறித்த நாளாகிய மார்ச்சு 29 வந்தது, போயிற்று. விலகுக என்றோரும் சினந்தனர்; இருக்க என்றோரும் சினந்தனர். 2020 சனவரி 31இல் விலகியபோது, கோடு அழியவில்லை. நிலத்தினின்று கடலுக்குப் பெயர்ந்தது. பிரித்தானியாவிலிருந்து வடஅயர்லாந்திற்குச் செல்லும் சரக்குகள், தம் நாட்டிற்குள்ளேயே ஆய்வுக்குள்ளாயின. அப்பூசலால் 2022 பிப்பிரவரி முதல் ஈராண்டுகள் வடஅயர்லாந்தில் அமைச்சரவையே இல்லாமற் போயிற்று.

அந்நாட்டு மீனவர்க்கு நேர்ந்ததை இவ்வூரார் சிறப்பாகக் கேட்டல் வேண்டும். விலகினால் கடல் முழுதும் உங்களுடையது என்று அவர்க்குச் சொன்னார்கள். 2020 திசம்பரில் எழுதிய உடன்பாட்டிலோ, அயலார் படகுகள் அக்கடலில் பிடித்த பங்கில் நாலில் ஒன்றே, அதுவும் ஐந்தரை ஆண்டுகளில் சிறிது சிறிதாக, மீளும் என்றனர். 2025 மே திங்களில், அயலார் படகுகள் 2038வரை அங்கு வரலாம் என்று மேலும் நீட்டினர். கடலைக் காட்டி வாக்குப் பெற்றவர் கரையேறிவிட்டனர். வலையைச் சுமந்தவர் கரையிலேயே நிற்கின்றனர்.

இங்கும் கடலில் கோடு உண்டு. கரையிலிருந்து பன்னிரு கடல்மைல்வரை மீன்பிடியை ஒழுங்குசெய்வது அந்தந்த அரசின் உரிமை. ஏப்பிரல் 15 முதல் சூன் 14 வரை 61 நாள் தடை இருபுறமும் ஒன்றே; அந்நாள்களுக்குரிய உதவித்தொகையை முடிவுசெய்யும் அரசுகளோ இரண்டு. நெத்திலியும் மத்தியும் கோடு பார்த்தா நீந்துகின்றன?

செங்கழுநீரம்மன் தேரின் வடத்தை முதலில் தொட்டு இழுப்பவர் அன்று பிரஞ்சு ஆளுநர். இன்று தில்லி அமர்த்தும் துணைநிலை ஆளுநர். அது விழாவின் மரபு, அதில் குறையில்லை. ஆனால் ஆட்சித்தேரும் அவ்வாறேயிருத்தல் தகுமா? புதுவைச் சட்டமன்றத்திற்கு மக்கள் தேர்ந்தெடுப்போர் 30 பேர். நடுவணரசு தானே அமர்த்தத்தக்கோர் 3 பேர். அம்மூவர்க்கும் வாக்குரிமை உண்டென உச்ச நீதிமன்றம் 2018இல் முடிவு கூறிற்று. தனி மாநில உரிமை வேண்டிச் சட்டமன்றம் பலமுறை தீர்மானம் இயற்றியுள்ளது; 2023 மார்ச்சு 31இலும் இயற்றியது. தீர்மானம் இங்கே, தீர்ப்பவர் அங்கே.

தமிழ் ஒன்றாயின் தமிழ்நாட்டோடு இணைந்துவிடுவதுதானே முறை என்று தமிழ்ப்பற்றுடையோர் சிலர் வினவுவர். நல்ல வினா. மொழி ஒன்றாதல் உள்ளத்தால் ஒன்றாதல். ஆட்சி ஒன்றாதல் இசைவால் ஒன்றாதல். ஆணையால் ஒட்டியது ஆணையாலேயே பிரியும். இரு சட்டமன்றங்கள் இருப்பதால் தமிழ் இரண்டாகிவிடாது. இரு சட்டமன்றங்களிலும் தமிழ் அரியணை ஏறாதிருப்பதே குறை. மேலும், மலையாளம் வழங்கும் மாகியும் தெலுங்கு வழங்கும் ஏனாமும் இதே ஆட்சியில் உள்ளன. அவர்தம் விருப்பத்தையும் கேளாமல் முடிவு செய்தல் தமிழர் அறமாகாது.

ஆதலின் வேண்டுவது ஒன்றே. கேட்க வேண்டும், முழுமையாகக் கேட்க வேண்டும். கீழூரில் பேராளரை மட்டும் கேட்டனர். பிரித்தானியாவில் மக்களையே கேட்டும் அரைவினாவே கேட்டனர். இன்னது மாறினால் எல்லை எங்கே நிற்கும், வரிப்பணம் எங்கே போகும், கடல் யாருக்கு உரியது, அலுவலகத்தில் எம்மொழி ஆளும் என்று விளைவுகளை முதலில் விளங்க வைத்து, அதன்பின் மக்களைக் கேட்பதே அறம். உடன்படிக்கையின் இரண்டாம் பிரிவு காட்டும் வழியும் அதுவே. வாக்குக் கேட்டு வருவோரிடம், எக்கட்சியாராயினும், இவ்வொரு வினாவை எழுப்புங்கள்: எங்களைக் கேட்கும் நாள் எது? நாள் சொல்லாதவர்க்கு வாக்கும் சொல்லாதீர்.