மாட்டு அட்டையில் யாருடைய பெயர்?

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு விழாவில் மிருக வைத்தியரான பழைய மாணவி ஒருவர் நிகழ்த்திய உரை)

இந்த விழாவில் பேச வேண்டும் என்று சங்கச் செயலாளர் தொலைபேசியில் கேட்டபோது, "என்னத்தைப் பற்றிப் பேச?" என்றேன். "உங்கட வேலையைப் பற்றித்தான் அக்கா. நாய்க்குட்டி, பூனைக்குட்டிக் கதை ஏதாவது சொல்லுங்கோ" என்றார். நாய்க் கதை ஒன்று கடைசியில் வரும். அதற்கு முன் மாடுகளைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உயர்தரத்தில் உயிரியல் படித்த எங்கள் வகுப்பில் எல்லோருக்கும் ஒரே ஆசைதான் இருந்தது. மருத்துவ பீடம் கிடைக்காதபடியால்தான் நான் பேராதனைக்கு மிருக வைத்தியம் படிக்கப் போனேன். மறைக்க என்ன இருக்கிறது? அம்மா மூன்று நாள் அயலட்டைக்குச் சொல்லவேயில்லை. நான்காம் நாள் பக்கத்து வீட்டு மாமி தன் ஆட்டுக்கு வயிற்றோட்டம் என்று வந்து நின்றபோது, படிப்புத் தொடங்க முதலே நான் டொக்டர் ஆகிவிட்டேன்.

இலங்கை முழுவதற்கும் மிருக வைத்தியப் பட்டம் தரும் பீடம் பேராதனையில் உள்ள அது ஒன்றுதான். ஆகவே நாட்டின் எல்லாப் பகுதிப் பிள்ளைகளோடும் படித்தேன். முதல் நியமனம் வடமத்திய மாகாணத்தில் ஒரு சிங்களக் கிராமப் பகுதியில் கிடைத்தது. என் சிங்களம் அப்போது பஸ்ஸில் டிக்கெட் வாங்கும் அளவுக்குத்தான் இருந்தது. பால் கொண்டுவரும் பெண்கள்தான் மாட்டின் நோய்களையும் அவற்றின் சிங்களப் பெயர்களையும் எனக்குச் சொல்லித் தந்தார்கள். நான் பிழையாகச் சொன்னால் வாய் பொத்திச் சிரிப்பார்கள். ஆனால் அடுத்த நாளும் வருவார்கள். பிறகு ஊர்ப் பக்கம் வந்தபோது, மொழி தெரிந்த இடத்தில் வேலை சுகமாக இருக்கும் என்று நினைத்தேன். அங்கேதான் பெரிய பிழை விட்டேன்.

போர் முடிந்து மீள்குடியேற்றம் நடந்த காலத்தில் வன்னியில் ஒரு பிரிவில் கடமையாற்றினேன். பட்டி பட்டியாக மாடு வைத்திருந்த சனம், ஒன்றுமில்லாமல் திரும்பி வந்திருந்தது. உதவித் திட்டங்களில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு பசு, இரண்டு ஆடு என்று கொடுத்தார்கள். அந்தப் பசுக்களைச் செயற்கை முறையில் சினைப்படுத்துவது எங்கள் பொறுப்பு. ஊசி போட்டும் சினை பிடிக்கவில்லை. ஒரு மாட்டுக்கு மூன்று தரம், நான்கு தரம் போக வேண்டியிருந்தது. தீன் காணாது, தாதுப்பு காணாது என்று காரணம் சொன்னோம். அதுவும் உண்மைதான். பொதுமண்டபத்தில் காலை பத்து மணிக்குக் கூட்டம் வைத்து, வேட்கை அறிகுறிகளைப் படம் போட்டு விளக்கினேன். மாடு கத்தும், தீனைக் குறைக்கும், மற்ற மாடு தன்மேல் ஏற அசையாமல் நிற்கும், கண்ணாடி போல வழுவழுப்பான திரவம் வடியும். கூட்டத்துக்கு நாற்பது பேர் வந்தார்கள். எல்லோரும் ஆண்கள். அது எனக்குக் கண்ணில் படவேயில்லை. நானே ஒரு பெண் என்பதை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது.

பசு வேட்கையில் நிற்பது ஏறக்குறைய பன்னிரண்டு முதல் பதினெட்டு மணித்தியாலம்தான். விடியக் கண்டால் பின்னேரம் ஊசி போட வேண்டும். பின்னேரம் கண்டால் அடுத்த நாள் விடிய. அதைத் தவறவிட்டால் இருபத்தொரு நாள் காத்திருக்க வேண்டும். அந்த இருபத்தொரு நாளும் பால் இல்லாத மாட்டுக்குப் புண்ணாக்கு வாங்குவது யார்? இந்தக் கணக்கையும் கூட்டத்தில் சொன்னேன். எல்லோரும் தலையாட்டினார்கள். சினை பிடிப்பது மட்டும் கூடவில்லை.

ஒருநாள் ஒரு வீட்டுக்கு ஊசி போடப் போயிருந்தேன். கையுறை போட்டுப் பார்த்தால் நேரம் கடந்துவிட்டது. வீட்டுக்காரர் உள்ளே போனதும், கொட்டில் மூலையில் நின்ற அவர் மனைவி மெல்லச் சொன்னா: "மாடு நேற்று விடியவே கத்தினது டொக்டர். நான் சாணி அள்ளேக்க வடிஞ்சதையும் கண்டனான். அவர் சந்தைக்குப் போட்டு வந்து, பிறகுதான் உங்களுக்கு அடிச்சவர்." நீங்களே எடுத்திருக்கலாமே என்றேன். "எங்களிட்ட ஆர் நம்பர் தந்தது? அதோட, நீங்கள் எண்டபடியால் சொல்லுறன். வழக்கமா வாற தம்பியிட்ட இதை எப்பிடிச் சொல்லுறது?"

விடிய மாட்டின் முகத்தில் விழிப்பவள் அவள். சாணி அள்ளுவதும், பால் கறப்பதும், குழை வெட்டிப் போடுவதும் அவள். எனக்குத் தேவையான சேதியெல்லாம் அவளிடம் இருந்தது. நான் கூட்டம் வைத்ததோ அவள் வெங்காயத் தோட்டத்தில் கூலிக்கு நிற்கும் நேரத்தில். அழைப்பு அனுப்பியது பதிவேட்டில் இருந்த பெயருக்கு. அறிக்கைகளில் 'சமூகப் பங்கேற்பு' என்று நாங்கள் எழுதும் சொல்லுக்கு அந்தக் கொட்டிலில்தான் எனக்குப் பொருள் விளங்கியது.

அடுத்த கூட்டத்தைப் பின்னேரம் ஐந்து மணிக்கு, ஒரு வீட்டு முற்றத்தில், மாமரத்தடியில் வைத்தோம். பிள்ளைகளும் வரலாம் என்றோம். எங்களோடு வேலை செய்த தங்கை ஒருவரின் தொலைபேசி இலக்கத்தைப் பெண்களிடம் கொடுத்தோம். பேச வெட்கமென்றால் மூன்று தரம் மணி அடித்து நிறுத்தினால் போதும், மாடு கத்துகிறது என்று அர்த்தம். இது நான் கண்டுபிடித்ததல்ல, அவர்களே சொன்ன வழி. காசும் மிச்சம்! அதற்குப் பிறகு நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். முதல் ஊசியிலேயே சினை பிடித்த மாடுகள் கூடின.

அதன்பின் அட்டைகளையும் மாற்ற நினைத்தேன். ஒவ்வொரு பசுவுக்கும் ஒரு அட்டை எழுதுவோம். மேலே 'பண்ணையாளர் பெயர்' என்று ஒரு கோடு. அந்தக் கோடுகளில் இருந்த பெயர்கள் பல, செத்தவர்களுடையவை. சில வெளிநாட்டில் இருப்பவர்களுடையவை. சில, காணாமல் போனவர்களுடையவை. வளர்ப்பவரின் பெயரைப் போட்டால் கடனோ நட்டஈடோ வரும்போது அவர்களுக்கு உதவும் என்று, நியாயமான எண்ணத்தோடுதான் வீடு வீடாகப் போனேன்.

ஒரு அம்மா அட்டையை என் கையில் தரவேயில்லை. "அவற்ற பேரை வெட்டிப்போடாதேங்கோ பிள்ளை. வந்து பாத்தால் என்னெண்டு நினைப்பார்?" என்றா.

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இப்போதும் தெரியாது. அந்தப் பெயரை அப்படியே விட்டு, கீழே கையால் இன்னொரு கோடு போட்டு 'பராமரிப்பவர்' என்று அவவின் பெயரை எழுதினேன். பிறகு எல்லா அட்டையிலும் அப்படியே செய்தோம். அச்சடித்த படிவத்தில் இல்லாத கோடு அது. மேலிடத்தில் ஒருவர், ஏன் படிவத்தைப் பழுதாக்குகிறீர்கள் என்று கேட்டார். கேட்கட்டும்.

அந்தக் கோட்டின் அருமை 2022 டிசம்பரில் தெரிந்தது. மாண்டூஸ் புயல் வங்கக் கடலில் நின்ற நாட்களில் குளிர் காற்றும் மழையும் சேர்ந்து அடித்து, வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரத்துக்கு மேற்பட்ட மாடுகளும் ஆடுகளும் செத்தன. வெட்டையில் நனைந்து நின்ற மெலிந்த மாடுகளும் கன்றுகளுமே கூடுதலாக விழுந்தன. நான் போன இடங்களில் முதலில் கேட்டது, செத்ததற்குப் பதிவு இருக்கிறதா என்பதைத்தான். பட்டி வைத்திருப்பவருக்கு இருந்தது. இரண்டு ஆடு வைத்திருந்த கிழவிக்கு இல்லை. பட்டிக்காரரின் துக்கத்தைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் இரண்டில் இரண்டும் போனால் மிச்சம் ஒன்றுமில்லை. அட்டையில் இரண்டாம் கோடு இருந்தவர்களுக்காக மட்டுமாவது என்னால் கடிதம் எழுத முடிந்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். போரில் கால் இழந்த ஒருவர் நல்ல பசு இரண்டு வைத்திருந்தார். ஊசி போடும்போது மாட்டைப் பிடித்து நிறுத்த அவரால் இயலாது. அயலவரைக் கூப்பிடக் கூச்சப்பட்டு எங்களையே கூப்பிடாமல் விட்டார். பனஞ்சலாகையில் மாட்டை அடைத்து நிறுத்தும் சட்டம் ஒன்றை அரை நாளில் அடித்துக் கொடுத்தோம். மருந்து ஏதும் தேவைப்படவில்லை.

பெண்ணுக்கு இந்தத் தொழிலில் என்ன வேலை என்று இன்னும் கேட்பவர்கள் உண்டு. எலீன் கஸ்ட் என்ற ஐரிஷ் பெண் எடின்பரோவில் மிருக வைத்தியம் படித்து 1900இல் முடித்தார். இறுதிப் பரீட்சை எழுத லண்டனில் இருந்த கல்லூரி அவரை விடவில்லை. 1922இல்தான் பதிவு கொடுத்தார்கள். இடையில் இருபத்திரண்டு ஆண்டுகளில் பெரும்பகுதி அவர் சும்மா இருக்கவில்லை. அயர்லாந்தின் ரொஸ்கொமன் பகுதியில் குதிரைக்கும் மாட்டுக்கும் வைத்தியம் பார்த்தார். அட்டையில் பெயர் இல்லாமல் வேலை செய்த இன்னொருவர் என்றுதான் எனக்கு அவரை நினைக்கத் தோன்றும். இன்றைக்கு எங்கள் பீடத்தில் பெண் பிள்ளைகள் நிறையவே இருக்கிறார்கள். உயர்தர வகுப்புத் தங்கைமாரே, இரண்டாவது தெரிவு என்று தாழ்வாக நினைக்காமல் வாருங்கள். மூன்று நாளில் அம்மாவுக்குச் சரியாகிவிடும்.

வெளிநாட்டிலிருந்து வந்திருக்கும் அக்காமாரிடம் ஒரு கேட்டல். ஊருக்கு மாடு வாங்கிக் கொடுக்க நீங்கள் அனுப்பும் காசு பெரிய உதவி. ஆனால் கறவை மாடு ஒன்று நாளுக்குத் தன் உடல் நிறையில் பத்திலொரு பங்கு பச்சைத் தீன் தின்னும். புல்லுக்கு நிலமும் தண்ணீரும் இல்லாத விதவைக்கு அது கொடையல்ல, சுமை. சிலருக்கு ஆடு பொருத்தம், சிலருக்குக் கோழி, சிலருக்கு இருக்கிற மாட்டுக்கு ஒரு கூரை. அனுப்ப முன் அந்தப் பெண்ணிடமே கேளுங்கள். அட்டை யார் பெயரில் என்பதையும் கேளுங்கள்.

இனி நாய்க் கதை. விசர்நாய்க்கடி நோய் அறிகுறி காட்டிவிட்டால் மனிதருக்கும் நாய்க்கும் பெரும்பாலும் மீட்சி இல்லை. கடித்தால் சவர்க்காரம் போட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவி, உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பச்சிலை கட்டிக்கொண்டு இருக்காதீர்கள். ஒரு பகுதி நாய்களில் 70 வீதத்துக்குத் தடுப்பூசி போட்டால் நோய் பரவுவது அறும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வீட்டு நாயைச் சங்கிலியில் கொண்டுவருவார்கள். கட்டாக்காலி நாயை யார் கொண்டுவருவது? சந்தியில் தேத்தண்ணீர்க் கடை வைத்திருப்பவரும், கோயில் தேர்முட்டியில் படுக்கும் ஐயாவும்தான் அவற்றுக்குச் சொந்தக்காரர். ஊருக்குள் ஊசி போடப் போனால் நான் முதலில் தேடுவது அவர்களைத்தான்.

எங்கள் பாடசாலை வளவில் இப்போது நான்கு நாய்கள் நிற்கின்றன. நூற்றாண்டு விழாவுக்கு விருந்தினர் வருகிறார்கள், பிடித்துக் கொண்டுபோய் எங்காவது விடலாமா என்று என்னிடம் கேட்டார்கள். வேண்டாம், ஊசி போட்ட நாய் வளவில் நின்றால் ஊசி போடாத நாய் உள்ளே வராது என்றேன். போன கிழமை வந்தேன். மூன்றைப் பிடித்துவிட்டோம். கறுப்பன் மட்டும் விஞ்ஞான கூடத்துக்குப் பின்னால் ஓடிவிட்டான். ஒரு மணித்தியாலம் துரத்தினோம். விடுதிச் சமையல் அக்கா அகப்பையோடு வெளியே வந்து, "டேய், இஞ்ச வா" என்றா. வந்து காலடியில் படுத்தான். அவ தலையைப் பிடித்தா, நான் ஊசியைப் போட்டேன்.

நான்கு அட்டையிலும் 'உரிமையாளர்' என்ற இடத்தில் அவவின் பெயரைத்தான் எழுதியிருக்கிறேன். அடுத்த ஊசி வருகிற ஆண்டு இதே மாதம். விடுதிக் குழுவில் இருப்பவர்கள் தயவுசெய்து குறித்து வையுங்கள்.