மகரகண்டியும் கும்பினிக் கணக்கும்



வைகாசிப் பெருவிழாவின் கருட சேவையில் காஞ்சி வரதர் அணிந்து எழுந்தருளும் அணிகலன்களுள் மகரகண்டி ஒன்று உண்டு. அதனை அளித்தவர் இராபர்ட் கிளைவ் என்பது கோயில் மரபு. வெள்ளைத் துரையும் வரதர்முன் பணிந்தான் என்று அடியார் மகிழ்வர். அம்மகிழ்ச்சியில் குறை காண வேண்டுவதில்லை. ஆயின் கொடுத்த கை எத்தகைய கை என்று வினவுதல் வரலாறு பயில்வோர் கடமையாகும்.

1751 டிசம்பரில் அதே கிளைவ் காஞ்சிக்கு வந்தது பீரங்கியோடு. பிரெஞ்சுக்காரர் பக்கத்துக் காவற்படை ஒன்று இங்குள்ள கோயிலைக் கோட்டையாக்கி, காயமுற்ற ஆங்கிலேய அதிகாரிகள் இருவரையும் உள்ளே சிறைவைத்திருந்தது. தாக்கினால் அவ்விருவரையும் மதில்மேல் நிறுத்துவோம் என்று அது மிரட்டியது. சில நாள் குண்டுமழைக்குப் பின் படை வெளியேற, கிளைவ் அக்காப்புகளைச் சிதைத்துவிட்டுத் திரும்பினார். 1757இல் பிரெஞ்சுக்காரர் கோயிலைப் பற்ற முயன்று தோற்று, ஊருக்குத் தீயிட்டனர். 1780 செப்டம்பர் 10 அன்று, காஞ்சிக்கு அணித்தான புள்ளலூரில், ஐதரும் திப்புவும் கர்னல் பெய்லியின் படையை அழித்தனர். காஞ்சியில் தங்கியிருந்த மன்றோ, தம் பெரும் பீரங்கிகளைக் குளத்தில் தள்ளிவிட்டுச் சென்னைக்குப் பின்வாங்கினார். பல்லவ மகேந்திரன் பகைவரை வென்றதாகச் செப்பேடு கூறுவதும் இப்புள்ளலூரிலேதான்.

போர்கள் வந்தன, போயின. நிலைத்தது கணக்கு. 1763இல் ஆர்க்காட்டு நவாபு முகமதலி செங்கல்பட்டுச் சீமையைக் கும்பினிக்கு ஜாகீராக அளித்தார். காஞ்சியும் அதனுள் அடங்கியது. அடுத்த சில ஆண்டுகளில் பொறியாளர் தாமஸ் பர்னார்டு ஏறத்தாழ 2000 ஊர்களை அளந்து பதிந்தார். நிலம், ஏரி, வீடுகள், குடிகளின் தொழில், களத்து மேட்டிலேயே கோயிலுக்கும் கொல்லனுக்கும் காவல்காரனுக்கும் பிரித்தளிக்கப்பட்ட நெல் ஆகிய யாவும் அப்பதிவில் இடம்பெற்றன. ஊராரின் நினைவிலும் கணக்கர் ஓலையிலும் இருந்த வழக்கங்கள் அன்றுமுதல் அயலான் கையேட்டிலும் ஏறின. பின்னர் வந்த அதிகாரிகள் இப்பங்குகளில் எவற்றை விடுவது, எவற்றை வெட்டுவது என்று முடிவு செய்யலாயினர்.

1794 முதல் 1798 வரை ஜாகீர்க் கலெக்டராயிருந்த லயனல் பிளேஸ் காஞ்சிக் கோயில்களின் வரவுசெலவைத் தம் மேற்பார்வையில் கொண்டுவந்தார். விழா குன்றாமல் நடந்தால் குடிகள் மனம் அரசின்பால் நிற்கும் என்பது அவர் கருத்து. வரதர்க்கு அவரும் நகை அளித்தார் என்பர். மதுராந்தகத்து ஏரிகாத்த இராமர் கோயிலில், தாயார் சந்நிதித் திருப்பணி அவருடையது எனக் கூறும் கல்வெட்டு இன்றும் உண்டு. அவர் பக்தி பொய்யென்று சொல்வதற்கில்லை. ஆனால் கோயில் நிலத்தின் வருவாயும் குடிகளின் தீர்வையும் அவர் கைவழியே சென்றன என்பதும் மெய்யே. அக்காலத்தில் ஜாகீரின் மிராசுதாரர் சிலர் உழவை நிறுத்தி ஊரைவிட்டே வெளியேறினர் என்பதையும் நகையோடு சேர்த்து எண்ண வேண்டும்.

இந்நெறியின் தனித்தன்மை, மற்றொரு கண்டத்தோடு ஒப்பிட்டால் தெளிவாகும். வட அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில், மண்ணால் அடுக்குவீடு கட்டி நிலைத்து வாழ்ந்த குடிகளை ஸ்பானியர் புவெப்லோ என்றழைத்தனர். அவர்கள் மொழியில் அச்சொல்லுக்கு ஊர் என்றே பொருள். 1598இல் ஒன்யாத்தே அங்குக் குடியேற்றம் தொடங்கினார். எதிர்த்து நின்ற ஆக்கோமா ஊரை மறு ஆண்டே அழித்து, ஆடவர் பலருக்குப் பாதம் வெட்டும் தண்டனை விதித்தார். ஒவ்வொரு வீடும் ஆண்டுதோறும் மக்காச்சோளத்தோடு பருத்திப் போர்வையும் திறையாகத் தரவேண்டும் என்றாயிற்று. நெய்தவர் பெரும்பாலும் ஆடவரே. அவர்தம் தறிகள் பல, கிவா எனப்படும் நிலவறை வழிபாட்டிடங்களிலேயே இருந்தன. பாதிரிமார் அக்கிவாக்களைத் தாக்கினர். 1661இல் சடங்கு முகமூடிகளைப் பெருந்தொகையாக எரித்தனர். 1675இல் ஸ்பானிய ஆட்சியர் சமயத் தலைவர் 47 பேரைப் பிடித்துச் சிலரைத் தூக்கிலிட்டு, ஏனையோரைச் சவுக்கால் அடித்தனர். அடிபட்டவருள் ஒருவரான போப்பே, முடிச்சிட்ட கயிறுகளை ஊர்தோறும் அனுப்பினார். நாளுக்கு ஒரு முடிச்சாக அவிழ்த்துவர, 1680 ஆகஸ்டு 10 அன்று ஊர்கள் ஒருங்கே எழுந்தன. பாதிரியர் 21 பேர் உட்பட ஏறத்தாழ 400 ஸ்பானியர் மாண்டனர், எஞ்சியோர் ஓடினர். பன்னிரண்டு ஆண்டு கழித்தே ஸ்பானியர் மீள முடிந்தது.

ஸ்பானியர் துணியையும் கேட்டனர், தெய்வத்தையும் கேட்டனர். கும்பினி துணியை மட்டும் கேட்டது. தெய்வத்துக்குக் கோயில் எழவும் இடமளித்தது. ஜாகீருக்கு முன்னரே இவ்வழி அதற்குத் தெரிந்திருந்தது. கவர்னர் கோலெட்டின் பெயரால் எழுந்த காலடிப்பேட்டையில் வரதராசர் கோயில் அமைந்தது. நாள்தோறும் காஞ்சி வரதரைத் தொழச் சென்ற எழுத்தர் ஒருவர்க்காகத் துரையே அதனைக் கட்டுவித்தார் என்று கதை வழங்குகின்றது. கதையின் இனிமை ஒருபுறமிருக்க, அப்பேட்டை நெசவாளர்க்காக எழுந்தது என்பதை மறக்கலாகாது. 1734இல் நெசவாளர்க்கென்றே தோன்றிய சிந்தாதிரிப்பேட்டையிலும் சிவனுக்கும் திருமாலுக்கும் இரட்டைக் கோயில்கள் எழுந்தன.

தறியில் அமர்ந்தவன் நிலை வேறு. சோழர் கல்வெட்டுகளில் தறியிறை உண்டு. கும்பினி ஆட்சியிலும் மோத்தர்பா என்ற பெயரில் தறிவரி தொடர்ந்தது. கும்பினியின் முன்பணம் பெற்றவன், துணி முடியும்வரை பிறர்க்கு நெய்தலாகாது. தவணை தவறினால் வாசலில் சேவகன் நிற்பான். அவனுக்குரிய படியும் நெசவாளன் தலையில் விழும். மடித்த துணியைத் தரம் பிரித்துக் கழிப்பதும் கும்பினியின் ஆளே. புவெப்லோ நெசவாளனுக்குத் தன் தறியைத் தாக்கியவனும் தன் தெய்வத்தைத் தாக்கியவனும் ஒருவனே. பகைவனை அறிதல் எளிது. காஞ்சி நெசவாளனோ பகலில் சேவகனுக்கு அஞ்சி நெய்தான். விழா நாளில் அவ்வாட்சியின் கலெக்டர் பேணிய தேருக்கு வடம் பிடித்தான்.

இங்கிலாந்தில் பாதிரிமார் எதிர்ப்பு வலுக்க, 1840களில் கும்பினி கோயில் நிருவாகத்தினின்று விலகியது. 1863ஆம் ஆண்டுச் சட்டம் அவ்விலகலை முழுமையாக்கியது. கோயில் கைமாறியதே யன்றித் தீர்வைக் கணக்கு கைமாறவில்லை. அது கலெக்டர் கச்சேரியிலேயே தங்கிவிட்டது.