பதில் சொல்லாத கருவி

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் கடைகளில் தோசைக்கல் சூடேறும் இந்த வேளையில், கிள்ளானுக்கு வடக்கே காப்பார் மின்நிலையம் எவ்வளவு மின்சாரம் தருகிறது என்பதைத் தேசிய மின்சுமைக் கட்டுப்பாட்டு மையம் கவனித்துக்கொண்டே இருக்கிறது. நாம் செலவழிக்கிற மின்சாரம் பெரும்பாலும் அந்த நொடியில் உற்பத்தியாவதுதான். இரண்டும் சமமாக இருந்தால்தான் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸை ஒட்டி நிற்கும்.

அதற்காக மையத்தின் கணினி, மின்நிலையங்களில் உள்ள கருவிகளைச் சில நொடிகளுக்கு ஒருமுறை விசாரிக்கிறது. மின்னழுத்தம் எவ்வளவு? சுவிட்ச் மூடியிருக்கிறதா? எல்லாக் கருவிகளும் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் சொன்னால் தகவல் தடம் நெரிசலாகிவிடும். ஆகவே பல கருவிகள், விசாரிக்கும்போது மாறியதை மட்டுமே பதிலாகச் சொல்லும். சுவிட்ச் விழுந்த செய்திக்கு முதலிடம். மின்மாற்றி எண்ணெயின் வெப்பநிலை சற்றுக் காத்திருக்கலாம்.

இந்தக் கவனிப்பு ஏன் முக்கியம்? 1996 ஆகஸ்ட் 3 மாலை பலருக்கு நினைவிருக்கும். திரங்கானுவில் பாக்கா அருகே ஒரு மின்தடம் துண்டிக்கப்பட, மலேசியத் தீபகற்பமே இருண்டது. 2003 ஆகஸ்ட் 14 அன்று அமெரிக்காவின் ஒஹாயோவில் நடந்தது இன்னும் கவலைக்குரியது. மின் கட்டுப்பாட்டு அறையின் எச்சரிக்கை மென்பொருள் நின்றுவிட்டது. நின்றதே பணியாளர்களுக்குத் தெரியவில்லை. எச்சரிக்கை வராததால் எல்லாம் நலம் என்று நம்பினார்கள். அமெரிக்காவிலும் கனடாவிலும் சுமார் 5 கோடிப் பேர் மின்சாரம் இழந்தார்கள்.

அதனால் என் பார்வையில், பதில் தராத கருவியின் பழைய எண்ணைப் புதியதுபோல் திரையில் விட்டுவைப்பதுதான் பெரிய ஆபத்து. நல்ல அமைப்பு அந்த எண்ணின் நிறத்தை மாற்றி, இது பழையது என்று உடனே காட்டிவிடும்.