ஆடவர் மறைக்கும் வலி

(துவாஸ் வட்டாரத் தொழிலாளர் விடுதியொன்றில் நாம் நிகழ்த்திய உரை)



1998 ஆம் ஆண்டில் இரண்டாவது இணைப்புப் பாலம் திறக்கப்பட்டது முதல், ஜொகூர்த் தோட்டங்களிற் பிறந்த பலர் துவாசுக்கு வேலைக்கு வந்து போகின்றனர். தமிழகத்திலிருந்து வந்து இங்கேயே விடுதிகளில் தங்கி உழைப்போரும் உள்ளனர். மேடைகளில் எவரும் எடுக்கத் தயங்கும் ஒரு பொருளை இரு சாராருக்கும் பொதுவாக இன்று எடுத்துக்கொள்கிறோம். இல்லற உறவின்போது ஆடவருக்கு உண்டாகும் வலியே அது.

இவ்வலியைச் சொன்னால் ஆண்மைக் குறைவு என ஊரார் நகைப்பரோ என்று அஞ்சிப் பலர் வாய் திறப்பதில்லை. வலி வேறு, ஆண்மைக் குறைவு வேறு. இரண்டையும் ஒன்றெனக் கருதுவோர் கள்ள மாத்திரை விற்பவனைத் தேடிப் போகின்றனர். அதன் விளைவைச் சிங்கப்பூர் கண்டதுண்டு. 2008 ஆம் ஆண்டு சனவரி முதல் மே வரை, நீரிழிவு நோயே இல்லாத 150 பேர் இரத்தத்தில் சர்க்கரை அபாயகரமாகக் குறைந்து, ஐந்து அரசாங்க மருத்துவமனைகளிற் சேர்க்கப்பட்டனர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் ஆடவர். ஆண்மை பெருக்கும் எனச் சட்டவிரோதமாக விற்கப்பட்ட சரக்குகளில் கிளிபென்கிளமைடு என்னும் நீரிழிவு மருந்து கலந்திருந்தது. நால்வர் மாண்டனர்.

இனி வலியின் காரணங்களைப் பார்ப்போம். முன்தோல் இறுகிப் பின்னுக்கு நகராதிருப்பது ஒரு காரணம். உறுப்பின் அடிப்பக்கத்துத் தோல் நாண் குட்டையாயிருந்து, உறவின்போது கிழிந்து குருதி கசிவது இன்னொன்று. முன்தோல் இறுக்கத்துக்கு மருத்துவர் முதலில் களிம்பு கொடுத்துப் பார்ப்பார். அதில் தீராவிட்டால் சிறு அறுவைச் சிகிச்சை செய்வதுண்டு. தோல் நாணையும் அவ்வாறே சீராக்கலாம்.

முன்தோலும் மொட்டும் சிவந்து, அரித்து, வெடிப்பு விடுவதும் உண்டு. பெரும்பாலும் பூஞ்சைக் காளானே இதைச் செய்யும். இப்படி அடிக்கடி நேர்ந்தால் இரத்தத்தில் சர்க்கரையைச் சோதித்தாக வேண்டும். தமக்கு நீரிழிவு இருப்பதை இவ்வாறு முதன்முதலாக அறிந்தோரும் உளர். கிருமிநாசினி மருந்தை ஊற்றிக் கழுவுவோர் உள்ளனர். அது புண்ணை மேலும் எரிக்குமேயன்றி ஆற்றாது. வெறுந் தண்ணீரே போதும்.

சிறுநீர் கழிக்கையில் எரிச்சலும், சீழும் காணுமாயின் மேகவெட்டையோ கிளமிடியாவோ இருக்கலாம். கிளமிடியா அறிகுறியே காட்டாமலும் இருக்கும். மாத்திரையாலும் ஊசியாலும் இவை குணமாகும். ஆனால் கணவன் மட்டும் மருந்துண்டால் பயனில்லை. மனைவிக்கும் சிகிச்சை வேண்டும். அது முடியும் வரை உறவு கூடாது. இதைச் சொல்ல நாணி ஊரில் மனைவியை நோயுடன் விட்டுவைப்பது பெருங் கொடுமையென்றே நாம் கருதுகிறோம்.

விந்து வெளிப்படும்போது அடிவயிற்றிலும் ஆசனவாய்க்கு முன்புறத்திலும் வலித்தால், புரோஸ்டேட் சுரப்பியின் அழற்சியைச் சந்தேகிக்க வேண்டும். கிருமியால் வந்ததெனில் மருந்தைப் பல வாரங்கள் விடாமல் உட்கொள்ள வேண்டியிருக்கும். நான்கு நாளில் சுகம் கண்டு நிறுத்துவோர்க்கு நோய் திரும்பும். உறுப்புக்குள் தழும்பு கட்டி, வளைந்து வலிப்பது பெய்ரோனி நோய். 1743 இல் அதை விவரித்த பிரெஞ்சு அறுவை மருத்துவரின் பெயர் அது. வலி பெரும்பாலும் மாதக் கணக்கில் தணியும். வளைவு நிலைத்தால் ஊசியும் அறுவையும் உண்டு.

இவ்வகை நோய்களுக்கு முன்னாளில் மிடில் ரோடு மருத்துவமனை பேர்பெற்றிருந்தது. 1988 இல் அது மூடப்பட்டு, அதே ஆண்டில் மண்டலே சாலையில் தேசியத் தோல் நிலையம் திறக்கப்பட்டது. விடுதிவாழ் வேலை அனுமதிக்காரர்க்கு 2022 முதல் முதனிலைப் பராமரிப்புத் திட்டமும் நடப்பிலுள்ளது. தோட்டத்திலிருப்போர் முதலில் தோட்ட மருத்துவ உதவியாளரையோ, அருகிலுள்ள அரசாங்க மருந்தகத்தையோ நாடலாம். பிறர் முன்னிலையிற் சொல்லக் கூச்சமாயின், "மருத்துவரிடம் தனியே பேச வேண்டும்" என்று மட்டும் சொல்லுங்கள்.

இரண்டு நிலைகளில் விடியும்வரை காத்திருத்தலாகாது. பின்னுக்குத் தள்ளிய முன்தோல் மீண்டும் முன்னுக்கு வராமல் வீங்குவது ஒன்று. விதையில் திடீரெனக் கடும் வலி தோன்றுவது மற்றொன்று. விதை முறுக்கிக்கொண்டிருந்தால் ஆறு மணி நேரத்துக்குள் அறுவை செய்தால்தான் பெரும்பாலும் அதைக் காப்பாற்ற இயலும். எனவே நடு இரவானாலும் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள்.